குறையுள்ள காசுக்கு மதிப்பு கூடுமா, குறையுமா?

உங்களிடம் இரண்டு காசுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய், எதிர்ப்பக்கம் பிறை மாதிரி வெறும் உலோகம் தெரிகிறது. இன்னொன்றில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. நண்பர் ஒருவர் “பழுதில்லாத காசுக்குத்தான் விலை, இதையெல்லாம் யார் வாங்குவார்கள்” என்கிறார், காணொளிகளில் வருகிறவர்களோ இதே மாதிரி காசு இருந்தால் நீங்கள் பணக்காரர் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: எந்தக் குறை விலையை ஏற்றும், எந்தக் குறை இறக்கும், கையில் இருப்பது எந்த வகை என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது. இருபது வருஷத்துக்கு மேலாகக் காசு சேர்க்கிறேன், அதில் பாதிக் காலம் பிழைக் காசுகளோடுதான் போயிற்று. நான் வியாபாரி இல்லை, நாணயச்சாலையில் வேலை பார்த்தவனும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நண்பர் பக்கம். அவர் சொல்வது தப்பில்லை, சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் அவர் கட்சிதான். ஒரு வரிசையில் வருஷத்துக்கு ஒன்றாகக் காசு சேர்ப்பவருக்கு, அடி நன்றாக விழுந்த, புழங்காத, கீறல் இல்லாத காசுதான் வேண்டும். அச்சடிக்கும்போதே அடி மந்தமாக விழுந்திருந்தால் அதுவும் நாணயச்சாலையில் நேர்ந்த குறைதான், ஆனால் அதற்கு யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஐந்து சென்ட் காசின் பின்பக்கம் ஒரு மாளிகை இருக்கும், அதன் படிக்கட்டுகள் மிகச் சிறியவை. அடி முழுதாக விழாத காசில் படிகள் ஒன்றோடொன்று குழைந்து போயிருக்கும். ஐந்தாறு படியும் தனித்தனியாகத் தெரிகிற காசுக்கு, சில வருஷங்களில், அதே தரத்தில் உள்ள சாதாரணக் காசைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள். கனடாவின் மேப்பிள் இலை வெள்ளிக் காசுகளில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரும், அதுவும் தயாரிப்பில் கிளம்புகிற கோளாறுதான். அதற்காகவே 2018-இல் அந்த நாட்டு நாணயச்சாலை மேற்பரப்பைக் காக்க ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. புள்ளி விழுந்த காசை “அபூர்வப் பிழை” என்று விற்கப் பார்த்தால் சிரிப்பார்கள். மை போல் அப்பிய எண்ணெய்ப்பிசுக்கு டையின் (காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சின்) பள்ளத்தில் அடைத்துக்கொண்டு ஓர் எழுத்து விழாமல் போவதும் அப்படித்தான், பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

அப்படியானால் விலை ஏறுகிற பிழை எது? அதற்குக் காசு எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளைக் குத்தி எடுப்பார்கள். அந்த வில்லையை ஓர் இயந்திரத்தில் உருட்டி விளிம்பை லேசாக மேடாக்குவார்கள். பிறகு அது மேலும் கீழும் உள்ள இரண்டு டைகளுக்கு நடுவே, பக்கத்தில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ள, ஒரே அடியில் காசாகிறது. டையை நேராகச் செதுக்குவதில்லை. உருவம் மேடாக உள்ள ஒரு தாய் அச்சை மிருதுவாக்கிய எஃகில் அழுத்தி எடுப்பார்கள். ஆகவே தப்பு நடக்க மூன்று இடம் உண்டு: வில்லை, டை, அடி. சேகரிப்பாளர்கள் எந்தப் பிழைக் காசைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இது எந்த இடத்தில் நேர்ந்தது என்றுதான். இந்த மூன்றில் எங்கும் பொருத்த முடியாவிட்டால், அநேகமாக அது நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ அல்லது எதுவோ செய்த வேலை. வாகனச் சக்கரம், துணி உலர்த்தும் இயந்திரம், அமிலம், பட்டறை, சுத்தியல். இவற்றுக்கு மதிப்பு இல்லை, முகமதிப்பைத் தவிர.

டையில் உள்ள பிழைக்கும் அடியில் வந்த பிழைக்கும் சந்தையில் பெரிய வித்தியாசம் உண்டு, இதைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதே இல்லை. டை தப்பானால் அந்த டை அடித்த எல்லாக் காசிலும் ஒரே மாதிரி அந்தத் தப்பு இருக்கும், பத்தாயிரமோ லட்சமோ. அதைப் படம் எடுத்து, பெயர் வைத்து, பட்டியலில் சேர்த்து, ஆல்பத்தில் ஒரு குழி ஒதுக்கிவிடலாம். அடியில் வந்த தப்பு ஒரு காசோடு போயிற்று. நடுவை விட்டு விலகிய காசுகள் ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், ஏனென்றால் இன்னொன்று அதே கோணத்தில் அதே அளவு விலகியிருக்காது. ஆனால் ஒன்றே ஒன்று என்பதால் மட்டும் விலை வராது. அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விலை.

இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு லிங்கன் ஒரு சென்ட். பிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஒரு டையைத் தாய் அச்சால் இரண்டு முறை அழுத்தியபோது இரண்டாவது அழுத்தம் கொஞ்சம் திரும்பிப்போய், ஆண்டு எண்ணும் வாசகமும் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு இரட்டையாக விழுந்தன. தப்பைக் கண்டுபிடித்தபோது அந்தக் காசுகள் நல்ல காசுக் குவியலில் கலந்துவிட்டன, இனிப் பிரித்தெடுப்பது வீண் வேலை என்று அப்படியே அனுப்பிவிட்டார்கள். சுமார் இருபதாயிரம் காசுகள் வெளியே போனதாகச் சொல்வார்கள். பல காசுகள் சிகரெட் பாக்கெட்டுகளோடு சில்லறையாகக் கொடுக்கப்பட்டு மக்கள் கைக்கு வந்தன. இருபதாயிரம் என்பது சிறிய எண் இல்லை. பத்துப் பன்னிரண்டே இருக்கிற எத்தனையோ பிழைக் காசுகள் இதைவிடக் குறைந்த விலைக்குப் போகின்றன. இதற்கு ஏன் இவ்வளவு விலை என்றால், வெறும் கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெளிவாகத் தெரியும், லிங்கன் சென்ட் சேர்ப்பவர்கள் கணக்கற்றவர்கள், அவர்கள் எல்லாருடைய பட்டியலிலும் இது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதே 1955-இல் தேய்ந்துபோன டையால் கடைசி இலக்கம் மட்டும் இரட்டை போலத் தெரிகிற இன்னொரு காசும் உண்டு. அதற்கு “ஏழையின் இரட்டை” என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள், விலையும் பெயருக்கு ஏற்ற மாதிரிதான்.

1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த, எருமை உருவம் உள்ள ஐந்து சென்ட் இன்னொன்று. டையில் விழுந்த காயத்தை நீக்க ஒருவர் அளவுக்கு மீறித் தேய்த்ததில் எருமையின் முன்னங்கால் ஒன்று காணாமல் போய்விட்டது. மூன்று கால் எருமை! அலட்சியத்தால் வந்த குறை, ஆனால் பார்த்தவுடன் யாருக்கும் புரிகிறது, சொல்லச் சிரிப்பு வருகிறது, அதனால் எல்லாருக்கும் ஒன்று வேண்டும். விரும்புகிறவர்கள் அதிகமானால் போலிகளும் அதிகமாகும். சாதாரணக் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். உண்மையான காசில் வயிற்றுக்குக் கீழே புள்ளி புள்ளியாக மேடுகள் வரிசையாக இறங்கும், பின்னங்கால்களும் பூச்சி அரித்த மாதிரி இருக்கும். சுரண்டியவர் இவற்றை உண்டாக்க முடியாது, ஏனென்றால் இவை டையின் மேற்பரப்பு அந்த நிலையில் இருந்ததால் வந்தவை. பிழைக் காசைச் சோதிப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். உண்மையான விபத்து தன்னோடு வேறு சில தடயங்களையும் கொண்டுவரும், போலிக்கு அந்தக் கூட்டாளிகள் இருக்க மாட்டார்கள்.

வில்லையின் ஓரம் கடித்த மாதிரி இருக்கும் காசும் அப்படித்தான். தகட்டில் ஏற்கெனவே குத்திய ஓட்டையின் மேல் மறுபடி குத்துவாய் விழுந்தால் வில்லையில் ஒரு பிறை குறையும். பிறகு விளிம்பை மேடாக்கும் இயந்திரத்தில் உருளும்போது அந்த வெற்றிடத்தில் அழுத்தம் பிடிக்காது, அழுத்தம் இரண்டு பக்கமும் சேர்ந்தே விழ வேண்டும் என்பதால் நேர் எதிரே உள்ள விளிம்பும் சரியாக எழும்பாது. ஆகவே கடிபட்ட இடத்துக்கு எதிரே விளிம்பு மங்கியிருந்தால் பெரும்பாலும் நிஜம். கத்தரியால் வெட்டியவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் செய்வது கஷ்டம்.

உலோகம் மாறிய காசுகள் தனி உலகம். போருக்குச் செம்பு வேண்டும் என்று 1943-இல் அமெரிக்கா ஒரு சென்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது, ஆனால் முந்தைய வருஷத்து வெண்கல வில்லைகள் சில எங்கோ சிக்கிக் கிடந்து அந்த வருஷ டையின் கீழே வந்து விழுந்துவிட்டன. தெரிந்தவை இருபது முப்பதுக்குள்தான். இதையும் போலி செய்வார்கள், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவது எளிய வழி, 1948-இன் கடைசி எட்டை மூன்றாக்குவது இன்னொன்று. முதலாவது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எடையும் காட்டிக்கொடுக்கும், எஃகு ஏறக்குறைய 2.7 கிராம், வெண்கலம் 3.11. இரண்டாவதுக்குக் காந்தமும் தராசும் உதவாது, அங்கே எண்ணின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஜோடி மாறிய டைகளால் வரும் காசை ஆங்கிலக்காரர்கள் மியூல் என்பார்கள், கோவேறு கழுதை. தலைப்பக்கம் ஒரு காசுடையது, பின்பக்கம் வேறொன்றுடையது. இதில்தான் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கால் டாலரின் தலையும் சகாகவியா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவமுள்ள ஒரு டாலர் காசின் பின்பக்கமும் சேர்ந்த காசு வந்தது. தெரிந்தவை இருபதை ஒட்டித்தான், விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1967-இல் நியூசிலாந்து தசம நாணயத்துக்கு மாறியபோது அவர்களுடைய இரண்டு சென்டில் பஹாமாஸ் ஐந்து சென்டின் தலைப்பக்கம் விழுந்துவிட்டது, வேறு நாட்டின் பெயரோடு! அதைவிடப் பெரிய தப்பு என்ன வேண்டும்? ஆனால் சுமார் ஐம்பதாயிரம் வெளிவந்ததால் இன்றும் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. பிரிட்டனில் 2008-இல் புது வடிவமைப்பு வந்தபோது ஆண்டு எண்ணைப் பின்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய தலைப்பக்கமும் புதிய பின்பக்கமும் சேர்ந்துகொண்டு ஆண்டே இல்லாத இருபது பென்ஸ் பிறந்தது. இரண்டரை லட்சம் வரை இருக்கலாம் என்று அந்த நாட்டு நாணயச்சாலையே மதிப்பிட்டது. செய்தி வந்த புதிதில் விலை எகிறியது, பிறகு இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கம் புதுப் பிழைகளுக்கெல்லாம் பொது. 2007-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் உருவமுள்ள டாலர் காசு வந்தபோது ஆண்டும் “கடவுளை நம்புகிறோம்” என்ற வாசகமும் காசின் ஓரத்தில் தனியாக ஓர் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டன. சில தொகுதிகள் அந்த இயந்திரத்துக்கே போகாமல் மூட்டை கட்டப்பட்டன. கடவுள் இல்லாத டாலர் என்று பத்திரிகைகள் எழுத, முதல் வாரங்களில் வாங்கியவர்கள் நிறையக் கொடுத்தார்கள். பிறகு பல்லாயிரம் காசுகள் வெளிவந்தன, ஓரத்தைத் தேய்த்துவிட்டு விற்கும் கெட்டிக்காரர்களும் வந்தார்கள். எனவே சூட்டோடு சூடாக வாங்காதீர்கள். விற்பதாக இருந்தால் மட்டும் சூட்டோடு சூடாக விற்கலாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் தெளிவாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். 2004-இல் டென்வரில் அடித்த விஸ்கான்சின் கால் டாலர்களில் மக்காச்சோளத்தின் பக்கத்தில் ஓர் இலை அதிகம், மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி இன்னொன்று என்று இரண்டு வகை. டையில் ஏதோ கருவி பட்ட காயம் என்பதில் தகராறு இல்லை. அது கைதவறிப் பட்டதா, யாராவது வேண்டுமென்றே செய்தார்களா என்று இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டு டையில், இரண்டு கோணத்தில், இரண்டும் இலை மாதிரியே விழுவது தற்செயலா என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் என் உறுத்தல் சாட்சியம் ஆகாது. பொதுவாகவே, கண்ணைப் பறிக்கிற அளவுக்கு அலங்காரமான பிழையைப் பார்த்தால் உள்ளே இருந்த யாரோ உதவி செய்திருப்பார்களோ என்று நான் யோசிப்பதுண்டு. அப்படிப்பட்ட காசுகளையும் வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஆரம்பகாலத்தில் ஒரு கண்காட்சியில் பின்பக்கத்தில் தலை உருவம் குழிவாகவும் இடம் வலமாகத் திரும்பியும் விழுந்த காசு ஒன்றை வாங்கினேன். முந்தைய காசு டையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் அதுவே டை போல விழுந்தால் இப்படி வரும். சுத்தியலால் காசு அடித்த ரோமானியர் காலத்து வெள்ளித் தெனாரியஸ்களில்கூட இது உண்டு என்பதால் எனக்கு அந்த வகைமேல் ஒரு மோகம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் மறுபக்கத்தில் உருவத்தின் உயரமான இடங்களெல்லாம் நசுங்கித் தட்டையாக இருந்தன. நிஜமான பிழையில் மறுபக்கம் டையால் ஒழுங்காக அடிபட்டிருக்கும். என்னுடையது இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நசுக்கியது, ஐந்து நிமிஷ வேலை. விற்றவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றுவரை என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, உங்கள் காசுகளுக்கு வருவோம். ஒதுங்கிய உருவம் உள்ளதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அங்கேயும் அதே அளவு ஒதுங்கியிருந்து, காசும் முழு வட்டமாக இல்லாமல் இருந்தால் வில்லை சரியாக உட்காரும் முன்பே அடி விழுந்திருக்கிறது, அது நீங்கள் கேள்விப்பட்ட பிழைதான். ஒரு பக்கம் மட்டும் ஒதுங்கி, மறுபக்கம் நடுவில் இருந்து, வட்டமும் கச்சிதமாக இருந்தால் ஒரு டை மட்டும் நகர்ந்திருக்கிறது. அது சாதாரணம், அதிகம் தேறாது. முதல் வகையாக இருந்தால் எவ்வளவு விலகியிருக்கிறது, ஆண்டு தெரிகிறதா என்பவைதான் அடுத்த கேள்விகள். ஐந்து பத்து சதவீத விலகலுக்கு மதிப்பு கொஞ்சம்தான். பாதி அளவு விலகி ஆண்டு முழுதாகத் தெரிந்தால் பலர் விரும்புவார்கள், அதே விலகலில் ஆண்டு வெளியே போய்விட்டால் விலை சட்டென்று விழும்.

இரட்டை எழுத்தைப் பொறுத்தவரை, மன்னிக்கவும், எனக்கு வரும் இத்தகைய கேள்விகளில் பத்தில் ஒன்பது இயந்திர நடுக்கமாகத்தான் முடிந்திருக்கின்றன. டை தளர்ந்திருந்தால் அடித்து முடித்த கையோடு லேசாக நகர்ந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தள்ளித் தட்டையாக்கிவிடும். உருப்பெருக்கியில் பாருங்கள்: இரண்டாவது எழுத்து படிக்கட்டு மாதிரி தட்டையாக, தாழ்வாக இருக்கிறதா, மூல எழுத்தும் மெலிந்த மாதிரி தெரிகிறதா? அப்படியானால் இயந்திர நடுக்கம், கூடுதல் மதிப்பு இல்லை. எழுத்து சாதாரணக் காசில் இருப்பதைவிடத் தடித்து, இரண்டு உருவங்களும் திரட்சியாக மேடிட்டு, எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தெரிந்தால் நிஜமான இரட்டை டையாக இருக்க வாய்ப்பு உண்டு. அதே ஆண்டின் வேறொரு சாதாரணக் காசைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். புதுக் காசாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அமெரிக்க நாணயச்சாலை போன்ற இடங்களில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து டையை ஒரே அழுத்தத்தில் எடுக்கிறார்கள், பழைய மாதிரி பெரிய இரட்டை விழுவது அரிதாகிவிட்டது.

நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் வெளிச்சம் நேராக விழுந்திருப்பதால் மேடு எது, தட்டை எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காசைத் துடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், தூசி இருந்தால் இருக்கட்டும், பளபளப்பைத் தேய்த்துவிட்டால் நிஜமான பிழைக்கும் விலை பாதியாகிவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழவிட்டு, இரண்டு காசுகளின் இரண்டு பக்கமும், முதல் காசின் ஓரமும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசு கிடைத்தால் எடையும் பார்த்து எழுதுங்கள். அதுவரை யாருக்கும் விற்க வேண்டாம், தரச் சான்று வாங்க அனுப்பியும் செலவு செய்ய வேண்டாம். அந்தக் கட்டணம் பல பிழைக் காசுகளின் மதிப்பைவிட அதிகம்.